முன்பள்ளி மணல் விளையாட்டுக்குச் சிரட்டையே போதும்

முன்பள்ளி முற்றத்தில் மணல் விளையாட்டுக்கென்று பிளாஸ்டிக் சாமான்கள் வாங்குவதற்குப் பதிலாக, தேங்காய்ச் சிரட்டையின் கண்கள் உள்ள பாதியை எடுத்து, மூன்று கண்களில் மென்மையான ஒன்றை மட்டும் குத்தித் திறந்துவிட்டால், அது காசு செலவில்லாத புனலாகிவிடும். கண்ணில்லாத பாதியை இன்னொரு பிள்ளையிடம் கொடுத்துக் கீழே ஏந்தச் சொல்லுங்கள்.

துவாரம் சிறியதாக இருப்பதால் மணல் மெதுவாகவே இறங்கும். மேலே பிடிப்பவர் கையை அசைக்காமலும், கீழே ஏந்துபவர் மணல் விழும் இடத்தைக் கவனித்தும் நிற்க வேண்டியிருப்பதால், இருவரும் ஒருவரையொருவர் பார்த்து இயங்கப் பழகுகிறார்கள். சிரட்டையைச் சுற்றிப் பிடிக்கும் விரல்களுக்கும் மணிக்கட்டுக்கும் கிடைக்கும் பயிற்சி பிற்பாடு பென்சில் பிடிக்க உதவும். கொடுப்பதற்கு முன் தும்பைச் சுரண்டி, விளிம்பைச் சீமெந்துத் தரையில் நன்றாகத் தேய்த்துவிடுங்கள்; இதில் மட்டும் சோம்பல் கூடாது.

யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண் இதற்குச் சரிவராது, குறிப்பாக மழைக்குப் பின் துவாரத்தை அடைத்துவிடும். மாரி காலத்தில் மணலும் ஈரமாகவே கிடக்குமாதலால், அப்போது வெயில் எறிக்கும் நாட்களில் மணலுக்குப் பதிலாகத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கும், பூனைகள் அசுத்தமாக்கும் மூடப்படாத மணற்குவியலுக்கும் இது பொருந்தாது.