கப்பலில் பிள்ளைகளுக்கான தனிக்கட்டணங்கள்: ஒரு தையல்காரியின் கணக்கு

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டீலியா சுற்றுலாக் கப்பல் கிளம்பியபோது, எங்கள் தெருவில் அது டிவியில் பார்க்கிற சமாச்சாரம். இப்போது பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை போய்க் கப்பல் பிடிக்கிறார்கள். மதுரையிலிருந்து நேராகச் சிங்கப்பூர் பறந்து அங்கே கப்பல் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்துப் போகிற குடும்பங்கள்தான் அதிகம். அளவு கொடுக்க என் கடைக்கு வரும் அம்மாக்கள் டிக்கெட் விலையைக் கேட்பதில்லை. "ஏறின பிறகு பிள்ளைங்களுக்குன்னு இன்னும் எவ்வளவுக்கா ஆகும்?" என்றுதான் கேட்கிறார்கள். சரியான கேள்வி.

நான் மதுரை கிருஷ்ணாபுரம் காலனியில் தையல் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகளின் உடுப்புதான் முக்கிய வேலை. பள்ளி ஆண்டு விழா, மாறுவேடப் போட்டி, பட்டுப்பாவாடை, எல்லாம் தைப்பேன். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி குடும்பமும் நாங்களும் சேர்ந்து மே விடுமுறையில் நான்கு இரவுப் பயணம் போனோம்: சிங்கப்பூர், பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். என் மகளுக்கு 7 வயது, மகனுக்கு 11, தம்பி மகனுக்கு 2. இந்த மூன்று வயதுக்கும் மூன்று விதமாகச் செலவு வந்தது. அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், டிக்கெட்டுக்குள் என்ன அடங்கும் என்பதை ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் "எல்லாம் ஃப்ரீ மேடம்" என்று சொல்வதை நம்பி ஏறாதீர்கள். அறை, பெரிய உணவுக்கூடத்துச் சாப்பாடு, நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி இவை பெரும்பாலும் டிக்கெட்டிலேயே வந்துவிடும். பிள்ளைகளுக்கான விளையாட்டு அறையும் பெரிய கப்பல்களில் இலவசம்தான், ஆனால் அதில் வயது வரம்பு இருக்கிறது. உதாரணமாக ராயல் கரீபியன் கப்பல்களில் 3 வயது ஆன பிள்ளைகளுக்குப் பகலில் காசு கிடையாது. இரவு 10 மணிக்கு மேல் விட்டுவைத்தால் மணிக்கணக்கில் கட்டணம். 3 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தனிக் காப்பகம், அதற்கும் மணிக்கணக்கு. 3 வயது ஆகியிருந்தாலும் டயப்பர் கட்டுகிற பிள்ளையைப் பொது அறையில் சேர்க்க மாட்டார்கள். குளிர்பானத்தை எடுத்துக்கொண்டால், டிஸ்னி கப்பல்களில் மேல்தளத்துக் குழாயில் இலவசமாகப் பிடித்துக் குடிக்கலாம். ராயல் கரீபியனில் அதற்குத் தனிக்காசு. நாங்கள் போனது இந்த இரண்டு கம்பெனிகளின் கப்பலிலும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உங்கள் கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது டாலர் கணக்கு. கப்பலில் ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையைத் தேய்த்தால் போதும், கடைசியில் மொத்தமாக உங்கள் கிரெடிட் கார்டில் ஏறும். அதனால்தான் செலவு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஓர் அமெரிக்க டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல கப்பல்களில் விலைமேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும். சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். உங்கள் வங்கியும் வெளிநாட்டுப் பணத்துக்கென்று இரண்டு மூன்று சதவீதம் எடுக்கும். நான் எல்லாவற்றையும் சேர்த்து, போட்டிருக்கும் டாலரை 110-ஆல் பெருக்கிக்கொண்டேன். பத்து டாலர் என்றால் 1,100 ரூபாய். இந்த ஒரு பெருக்கல் வாய்க்கு வந்துவிட்டால் பாதி ஆசை தானாக அடங்கும்.

குளிர்பான அட்டை இதற்கு நல்ல உதாரணம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 டாலர், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்று முதல் நாளே மேசை போட்டு விற்றார்கள். ஒரு நாளைக்கு மட்டும் கொடுக்க மாட்டார்கள், பயணம் முழுவதற்கும் வாங்க வேண்டும். நான்கு இரவுக்கு 40 டாலர், 18 சதவீதம் சேர்த்தால் 47 டாலர் 20 சென்ட். தனியாக வாங்கினால் ஒரு டின் 3 டாலர், சேவைக் கட்டணத்தோடு 3 டாலர் 54 சென்ட். அப்படியானால் பிள்ளை நான்கு நாளில் 13 டின்னுக்கு மேல் குடித்தால்தான் லாபம். ஒரு நாளைக்கு மூன்றுக்கும் மேல்! ஏழு வயதுப் பிள்ளைக்கு எந்தத் தாய் கொடுப்பாள்? தண்ணீர், பால், டீ, எலுமிச்சைச் சாறு எல்லாம் உணவுக்கூடத்தில் சும்மா கிடைத்தது. என் மகன் நான்கு நாளில் குடித்தது மூன்று டின்.

இனி உடுப்பு. இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஐந்தாம் தளத்தில் பிள்ளைகளுக்கான அலங்காரக் கடை. கண்ணாடிக்குப் பின்னால் நீல நிறத்தில் நெட் துணி கவுன், கிரீடம், கோல். முதல் நாள் சாயங்காலமே என் மகள் அதன் முன்னால் போய் நின்றுவிட்டாள். கவுனோடு சேர்த்துத் தலையலங்காரம், நகப்பூச்சு, கிரீடம் எல்லாம் 160 டாலர். கவுன் இல்லாமல் மற்றதெல்லாம் 55.

நான் உள்ளே போய் அந்தக் கவுனை உட்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மேல்சட்டைக்கு லைனிங் இல்லை, சாட்டின் நேராக உடம்பில் படும். நெட்டை இடுப்பில் சுருக்கி ஒற்றைத் தையலில் சேர்த்திருந்தார்கள். அந்த வெட்டு விளிம்பு, அதை மூடி அடிக்கும் ஓவர்லாக் தையல்கூடப் போடாமல் அப்படியே இருந்தது. அரை மணி நேரம் போட்டால் பிள்ளையின் இடுப்பில் சிவப்பாகக் கோடு விழும். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது பக்கத் தையல். உள்ளே கால் அங்குலம்கூடத் துணி விடவில்லை. வளர்கிற பிள்ளையின் உடுப்பில் இரண்டு பக்கமும் ஓர் அங்குலமாவது உள்ளே மடித்து வைக்க வேண்டும், அடுத்த தீபாவளிக்குப் பிரித்துவிட. இதைப் பிரிக்க வழியே இல்லை. ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும். 160 டாலரை 110-ஆல் பெருக்கினால் பதினேழாயிரத்து சொச்சம். அதே மாதிரிக் கவுனை விளக்குத்தூணில் சாட்டினும் நெட்டும் எடுத்து, எழுகடல் தெருவில் லேஸும் கல்லும் வாங்கி, பருத்தி லைனிங் கொடுத்து நான் தைத்தால் துணிச்செலவு 1,800 ரூபாய்க்கு மேல் போகாது. (காஞ்சனமாலை கடலாட ஆசைப்பட்டாள் என்று ஏழு கடலையும் சொக்கநாதர் மதுரைக்கே வரவழைத்த இடம் அந்தத் தெரு. கடலுக்குப் போகிற பிள்ளைக்கு அங்கே லேஸ் வாங்குவது எனக்குப் பிடித்திருக்கிறது.)

ஆகவே கவுன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் அன்று இரவு மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டு கேட்டேன்: "அதுல உனக்கு எது ரொம்பப் பிடிச்சுச்சு?" அவள் கவுனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்தச் சேர்மா. அந்த அக்கா சேரைச் சுத்தி விட்டாங்கல்ல, கண்ணாடியில பாத்ததும் எல்லாரும் கை தட்டினாங்கல்ல, அது" என்றாள். அலங்காரம் முடியும்வரை கண்ணாடியைக் காட்டாமல் பிள்ளையை எதிர்ப்பக்கம் உட்கார வைத்திருப்பார்கள். முடிந்ததும் நாற்காலியைச் சுற்றிவிட்டு எல்லாரும் கை தட்டுவார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

55 டாலர் கொடுத்தேன். கட்டணத்தோடு 64 டாலர் 90 சென்ட், ஆறாயிரம் ரூபாய்க்கு அருகில். நான் தைத்துக் கொண்டுபோயிருந்த மாம்பழ நிறப் பட்டுப்பாவாடையைப் போட்டு உட்கார வைத்தேன். அந்தப் பெண் கிரீடத்துக்கு ஏற்றமாதிரி ஜடை பின்னி, நாற்காலியைச் சுற்றிவிட்டபோது என் மகள் தன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். இது கடையில் கிடைக்காது, நானும் தைத்துத் தர முடியாது. அதனால் கொடுத்தது சரி என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பிள்ளை எதைக் கேட்கிறது என்பதை ஒரு ராத்திரி தள்ளிப்போட்டு நிதானமாக விசாரியுங்கள். மொத்தப் பொட்டலத்தில் அதற்கு வேண்டியது ஒரு துண்டாகத்தான் இருக்கும், அந்தத் துண்டு பெரும்பாலும் தனியாகவும் கிடைக்கும்.

நேரமும் பார்த்துக் குறியுங்கள். காலையில் அலங்காரம் செய்துவிட்டு மத்தியானம் குளத்தில் இறங்கினால் எல்லாம் போச்சு. கரை தொடாத நாளில், சாயங்காலம், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். சட்டெனத் தடிக்கும் தோல் உள்ள பிள்ளை என்றால் மினுக்குப் பொடியைக் கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்துவிட்டு முகத்தில் பூசச் சொல்லுங்கள்.

தம்பி மகனுக்கு வந்த செலவு வேறு மாதிரி. ரெண்டு வயசு, விளையாட்டு அறையில் எடுக்கவில்லை. தம்பி மனைவி மூன்று வேளையும் அவனைத் தூக்கிக்கொண்டே சாப்பிட்டாள். காப்பகத்தில் மணிக்கு 10 டாலர். "ஊர்ல அம்மா பாத்துக்குவாங்க, இதுக்குப் போய்க் காசா" என்று தம்பி தயங்கினான். நான்தான் வற்புறுத்தினேன். அவளுக்கு இரண்டு மணி நேரம், 20 டாலர். அந்த நேரத்தில் அவள் மேடை நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தாள், சூடாக ஒரு டீ குடித்தாள். பிள்ளைகளுக்கென்று கப்பலில் செலவழித்ததில் இதைப்போல உபயோகமானது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். கைக்குழந்தையோடு போகிறவர்கள் கிளம்பும் முன்பே இதற்கு இடம் பதிந்துவிடுங்கள், இடம் கொஞ்சம்தான் இருக்கும்.

மகனுக்கு விளையாட்டு இயந்திரங்கள். பொம்மையைக் கவ்வி எடுக்கிற இயந்திரத்தில் அட்டையைத் தேய்த்தால் ஒவ்வொரு தடவைக்கும் காசு. சித்திரைப் பொருட்காட்சிக்குப் போகும்போது நாங்கள் செய்வதையே இங்கும் செய்தோம். அங்கே ஆளுக்கு இவ்வளவு என்று காசைக் கையில் கொடுத்துவிடுவோம், ராட்டினமா டெல்லி அப்பளமா என்பது அவர்கள் பாடு. கப்பலில் முதல் நாளே வாடிக்கையாளர் மேசைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்ய முடியாதபடி அடைக்கவோ, இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கவோ சொல்லலாம். மகனுக்கு 25 டாலர் வரம்பு வைத்து, ஒரு சின்ன நோட்டில் தேய்க்கும்போதெல்லாம் எழுதச் சொன்னேன். இரண்டாம் நாளே 14 டாலர் போயிருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவனாகவே நிறுத்தி, மீதியைப் பினாங்கில் செலவு செய்யக் காசாக என்னிடம் வாங்கிக்கொண்டான்.

காசு கட்டும் கேக் அலங்கார வகுப்பையும் அவன் கேட்டான். தினசரி நிகழ்ச்சித் தாளைப் புரட்டினால், இலவச விளையாட்டு அறையில் மறுநாளே அதேபோல ஒன்று இருந்தது. எதற்கும் பணம் கட்டுமுன் அந்தத் தாளைப் படியுங்கள்.

கரையில் இறங்கும் சுற்றுலாக்களில் ஊருக்கு ஊர் யோசிக்க வேண்டும். பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுனை ஒட்டியே நிற்கிறது. லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். மகாமாரியம்மன் கோயில், தமிழ்ப் பேச்சு, வாழையிலைச் சாப்பாடு எல்லாம் அங்கே. பிள்ளைகளுக்கான தனிப் பஸ் சுற்றுலா அங்கே தேவையே இல்லை. புக்கெட்டில் எங்கள் கப்பல் கடலிலேயே நின்றது, சிறு படகில்தான் கரைக்குப் போனோம். அங்கே கப்பல்காரர்களின் சுற்றுலாவை எடுத்தோம், விலை கூடத்தான். ஆனால் அவர்கள் கூட்டிப்போன வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போய்த் தாமதமானால் நிற்காது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால் வேறு. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தக் கவலையைப் பட நான் தயாரில்லை.

புகைப்படம் எடுக்க ஆள் வந்துகொண்டே இருப்பார். எடுக்கவிடுங்கள், முன்பணம் மட்டும் கட்டாதீர்கள். கடைசி நாள் எல்லாவற்றையும் பார்த்து ஒன்று எடுங்கள். நாங்கள் எடுத்தது பட்டுப்பாவாடை படம்.

கடைசி இரவு பிள்ளைகள் தூங்கியதும் கணக்கைப் பாருங்கள். காலை வரை விட்டால் மேசையில் வரிசை பெரிதாகிவிடும், இறங்கிய பிறகு ஊரிலிருந்து மின்னஞ்சல் போட்டு அலைய வேண்டும். எங்கள் கணக்கில் பொம்மை இயந்திரத்துக்கு ஒரே நிமிடத்தில் இரண்டு தடவை தேய்த்ததாக இருந்தது. மகனின் நோட்டில் ஒன்றுதான். நோட்டை எடுத்துப்போய்க் காட்டினேன். மேசையில் இருந்த பெண் இயந்திரத்தின் பதிவைப் பார்த்து, மறுபேச்சில்லாமல் 2 டாலரைக் கழித்துவிட்டாள். காலையில் மகனிடம் சொன்னதும், அந்த வரியை நோட்டில் பேனாவால் வட்டம் போட்டு வைத்துக்கொண்டான்.