மோட்டார் ஹோம்ல பேட்டரி சார்ஜ் ஏறலயா? புதுசு வாங்கறதுக்கு முன்னாடி மீட்டரை எடுங்க

அமெரிக்கால மோட்டார் ஹோம் (படுக்க, சமைக்க வசதியோட வீடு மாதிரி இருக்கற வண்டி) வச்சிருக்கற நம்மாளுங்க பேட்டரி இறங்கிடுச்சுன்னா உடனே கடைக்குத்தான் ஓடறாங்க. நானும் அப்படித்தான் ரெண்டு பேட்டரி புதுசா வாங்கிப் போட்டேன், மூணாவது நாளே கிராண்ட் கேன்யன் மேதர் கேம்ப்கிரவுண்ட்ல (அங்க கரண்ட் கனெக்‌ஷனே கிடையாது) நடுராத்திரி ஹீட்டர் ஃபேன் நின்னுபோச்சு, குழந்தைங்க குளிர்ல நடுங்கிட்டாங்க. கடைசியில பாத்தா போயிருந்தது ஒரு 40 ஆம்ப் ஃபியூஸ். அதனாலதான் சொல்றேன், முதல்ல வோல்டேஜ் அளக்கற ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க.

வண்டியில பேட்டரி ரெண்டு வகை. எஞ்சின் ஸ்டார்ட் பண்ண சேசிஸ் பேட்டரி, உள்ள லைட்டு, தண்ணி பம்ப், ஹீட்டர் ஃபேனுக்கெல்லாம் ஹவுஸ் பேட்டரி. இந்த ஹவுஸ் பேட்டரிக்கு சார்ஜ் வர்ற வழி முக்கியமா மூணு: கேம்ப்கிரவுண்ட் பிளக், ஜெனரேட்டர், ஓடும்போது எஞ்சின் சுத்தற ஆல்டர்னேட்டர். பிளக்கும் ஜெனரேட்டரும் கன்வெர்ட்டர் வழியா வரும், அதுதான் 120 வோல்ட்டை 12 வோல்ட் டிசி ஆக்குது.

பிளக்கைப் பிடுங்கி, எஞ்சினையும் ஜெனரேட்டரையும் நிறுத்திட்டு, லைட்டெல்லாம் அணைச்சு ரெண்டு மணி நேரம் விட்டு பேட்டரி முனையிலயே அளந்து பாருங்க. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி 12.6, 12.7 வோல்ட் காட்டினா ஃபுல், 12.1 பக்கம் பாதி, 12-க்குக் கீழ நாள்கணக்குல கிடந்ததுன்னா சல்ஃபேட் பிடிச்சு பேட்டரியே கெட ஆரம்பிச்சிருக்கும். இப்ப பிளக்கைப் போட்டுட்டு அதே இடத்துல அளங்க, 13.2-லேருந்து 14.4-க்குள்ள வந்தா சார்ஜ் ஏறுது. கொஞ்சமும் ஏறலன்னா மீட்டரைக் கொண்டுபோய் கன்வெர்ட்டர் அவுட்புட்ல வைங்க, இந்த ஒரு அளவுலயே பாதி விடை கிடைச்சிடும்.

கன்வெர்ட்டர்ல 13.6 இருக்கு, பேட்டரியில மட்டும் 12.1-னா நடுவுல எங்கயோ அறுந்திருக்கு. ஃபியூஸ் பெட்டியில ரிவர்ஸ் போலாரிட்டி ஃபியூஸ்னு தனியா ஒண்ணு ரெண்டு இருக்கும், பேட்டரியோட பிளஸ், மைனஸ் ஒயரை ஒரு நொடி மாத்தித் தொட்டாலே அது போயிடும். பிளக்ல இருக்கும்போது லைட்டெல்லாம் பளிச்சுனு எரியும், பிளக்கைப் பிடுங்கினா எல்லாம் செத்துப்போகும், இதுதான் அதோட அடையாளம். கதவுக்கிட்ட இருக்கற பேட்டரி டிஸ்கனெக்ட் ஸ்விட்சையும் பாத்துடுங்க, நிறைய வண்டியில அது ஆஃப்ல இருந்தா சார்ஜும் ஏறாது.

கன்வெர்ட்டர்லயே 12.1-தான்னா அதுக்கு 120 வோல்ட் வருதான்னு பாக்கணும். பிரேக்கர் விழுந்திருக்கலாம், இல்லன்னா டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச்.

நம்ம ஊர் கல்யாண மண்டபத்துல ஈபி போனா ஒருத்தர் ஓடிப்போய் சேஞ்ச் ஓவர் கைப்பிடியைத் தள்ளுவாருல்ல, அந்த வேலையை இங்க இந்த டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் பெட்டி தானா செய்யுது. பெரும்பாலான வண்டியில ஜெனரேட்டர் ஓடாதப்ப பிளக் பக்கம் இருக்கும், ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகி இருபது முப்பது செகண்ட் கழிச்சு டப்புனு சத்தம் கேட்டு அந்தப் பக்கம் மாறும், அதனால உடனே கரண்ட் வரலன்னு பதறாதீங்க. ஜெனரேட்டர்ல எல்லாம் ஓடுது, பிளக்ல எதுவும் ஓடலன்னா முதல்ல கேம்ப்கிரவுண்ட்ல பிளக் போடற கம்பத்துல வோல்டேஜ் பாருங்க, அப்புறம் கேபிள், அதுக்கப்புறம்தான் இந்தப் பெட்டி. உள்ள ஸ்க்ரூ லூசாகி சூடேறி ஒயர் கருகறது ரொம்ப சகஜம். ஆனா மூடியைத் திறக்கறதுக்கு முன்னாடி பிளக், ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் (பேட்டரியோட 12 வோல்ட்டை 120 ஆக்கறது) மூணும் ஆஃப் பண்ணி, மீட்டர் வச்சு கரண்ட் இல்லன்னு உறுதி பண்ணிக்கோங்க, 120 வோல்ட் ஆளைக் கொல்லும். பழக்கம் இல்லன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, இதுல வெட்கமே வேணாம்.

இன்வெர்ட்டர் மூலமா வண்டி முழுக்க கரண்ட் கொடுக்கறவங்க கன்வெர்ட்டர் பிரேக்கரை ஆஃப் பண்ணிடணும். இல்லன்னா பேட்டரியிலேருந்து எடுத்து அதே பேட்டரியையே சார்ஜ் பண்ணிட்டு இருக்கும், நடுவுல சூடா வீணாகி சீக்கிரமே காலியாயிடும்.

ஓடும்போது மட்டும் ஏறலன்னா ரெண்டு பேட்டரிக்கும் நடுவுல இருக்கற சாலினாய்டை, அதாவது எஞ்சின் ஓடும்போது ரெண்டையும் சேத்து விடற ஸ்விட்சைத் தேடுங்க. எஞ்சின் ஓட விட்டு அதோட ரெண்டு பெரிய போல்ட்லயும் அளந்தா கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ் இருக்கணும். ஒண்ணுல 14.1, இன்னொண்ணுல 12.3-னா, சின்ன முனைக்கு 12 வோல்ட் வந்தும் இப்படின்னா, உள்ள கான்டாக்ட் தேஞ்சுபோச்சு, அதை மட்டும் மாத்தினா போதும். சின்ன முனைக்கே வோல்ட் வரலன்னா சாலினாய்ட் மேல தப்பு இல்ல, அதுக்கு வர்ற ஃபியூஸையும் ஒயரையும் பிடிச்சுக்கிட்டுப் போங்க.

லித்தியம் பேட்டரிக்கு மாறினவங்களுக்கு மேல சொன்ன வோல்டேஜ் கணக்கு பொருந்தாது. சும்மா இருக்கும்போதே 13.3 காட்டும், பழைய கன்வெர்ட்டரோட 13.6 அதை முழுசா நிரப்பாது, ஜீரோ டிகிரி செல்சியஸுக்குக் கீழ சார்ஜும் பண்ணக்கூடாது. நல்ல பேட்டரியா இருந்தா அந்தக் குளிர்ல உள்ள இருக்கற எலக்ட்ரானிக் போர்டே சார்ஜை நிறுத்திடும், அதைப் பாத்துட்டு பேட்டரி போச்சுன்னு திருப்பி அனுப்பிடாதீங்க.