ஆராய்ச்சிக் கப்பலில் எலெக்ட்ரீஷியன் வேலைக்குப் போகிற தம்பிகளுக்கு

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு டைனமோ, பேட்டரி பார்த்துக்கொண்டிருந்தவன் நான். இப்போது கடல் ஆராய்ச்சிக் கப்பலில் வேலை. லீவில் வந்தால் தெருப் பையன்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, வீட்டு வயரிங் நல்லாத் தெரியும். கப்பலுக்கு அது போதுமா?" பாதி உதவும். மறக்க வேண்டிய பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மறக்க வேண்டியது நியூட்ரல். ஊரில் நியூட்ரலை மண்ணில் இறக்கியிருப்பார்கள். கப்பலில் பெரும்பாலும் 440 வோல்ட், 60 சைக்கிள், மூன்று பேஸ். அதைக் கப்பலின் இரும்பு உடம்போடு எங்கேயும் சேர்க்க மாட்டார்கள். கேபின் விளக்குக்கு 220 வருகிறதே, அதில் இரண்டு கம்பியுமே உயிருள்ள கம்பி. டெஸ்டர் வைத்தால் இரண்டிலும் எரியும். அதனால் சுவிட்சை அணைத்துவிட்டோம் என்று ஹோல்டரில் கை வைக்காதே. பிரேக்கரை இறக்கி, பூட்டுப் போட்டு, மீட்டரின் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர்.

ஏன் இப்படி வைத்திருக்கிறார்கள்? ஒரு இடத்தில் கம்பி கப்பலின் உடம்பைத் தொட்டாலும் மோட்டார் நிற்காது. நடுக்கடலில் ஸ்டியரிங் மோட்டார் டிரிப் ஆனால் என்ன ஆகும், யோசித்துப் பார். ஆனால் முதல் பழுதை அப்படியே விட்டால், இன்னொரு பேஸில் இரண்டாவது பழுது வரும்போது அது ஷார்ட் சர்க்யூட். ஆகவே காலையில் டீ குடிக்கும் முன் மெயின் போர்டுக்குப் போய், பேஸுக்கு ஒன்றாக இந்தப் பழுதைக் காட்டுகிற எர்த் விளக்கு மூன்றையும் பார். மூன்றும் ஒரே மாதிரி எரிந்தால் நல்லது. ஒன்று மங்கி, மற்ற இரண்டும் பளிச்சென்று இருந்தால் மங்கின பேஸ்தான் நோயாளி.

தேடுவது பொறுமையான வேலை. இன்ஜினியரிடம் சொல்லிவிட்டு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி ஏற்ற வேண்டும். எதை இறக்கும்போது விளக்கு சரியாகிறதோ அந்த லைனில் பழுது. ஆராய்ச்சிக் கருவி தண்ணீருக்குள் இருக்கும்போது, அதைக் கேபிளில் இறக்கி ஏற்றுகிற வின்ச்சின் பிரேக்கர் பக்கமே போகாதே. நான் முதலில் சமையலறையைச் சந்தேகப்படுவேன், அடுத்தது டெக் விளக்குகள். ஒரு தடவை மழை பெய்தால் மட்டும் பழுது வந்தது, வெயில் வந்தால் போனது. மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் பின்பக்க டெக்கில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். கேபிள் நுழையும் கிளாண்டை யாரோ கையால் திருகிவிட்டு ஸ்பானர் போடாமல் விட்டிருக்கிறார்கள். திறந்தால் உள்ளே பச்சைக் களிம்பு. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் மீட்டர் பெட்டிகளைத் திறந்தபோது பார்த்த அதே களிம்பு.

இதெல்லாம் எந்தக் கப்பலிலும் உண்டு. ஆராய்ச்சிக் கப்பலுக்கே உரியது சி.டி.டி. கேபிள். நீரின் உப்பு, வெப்பம், ஆழம் மூன்றையும் அளக்கிற கருவி அது. சுற்றிலும் தண்ணீர் பிடிக்கிற குப்பிகள். நிமிடத்துக்கு 60 மீட்டர் வேகத்தில் இறக்கினால் 3000 மீட்டர் போக ஐம்பது நிமிடம். ஏறும்போது நிறுத்தி நிறுத்திக் குப்பிகளை மூடுவார்கள். கருவிக்குக் கரண்ட் போவதும் தகவல் மேலே வருவதும் ஒரே கேபிளில்: நடுவில் செம்புக் கம்பி, வெளியே இரண்டு அடுக்கு இரும்புக் கம்பி. கருவியோடு சேரும் முனையில் ஜாயின்ட் போடுவது உன் வேலை. அந்த ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 300 கிலோ அழுத்தம். ஜாயின்டுக்குள் கடுகளவு காற்றுக் குமிழி இருந்தாலும் தண்ணீர் அதை நசுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும்.

நான் செய்வது இப்படி. நைந்த முனையைத் தாட்சண்யம் பார்க்காமல் வெட்டி எறிவேன். கம்பியின் மேலுறையை ஸ்பிரிட்டால் துடைத்த பிறகு அங்கே விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் பட்டால் டேப் பிடிக்காது. கப்பல் ஆடும், அதனால் தரையில் உட்கார்ந்து சால்டரிங் அயர்னைக் கட்டி வைத்துக்கொள்வேன். ஈயம் கூர்மையாக நின்றால் ராவி மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் டேப்பைக் குத்தும். அதன் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்து, பாதிக்குப் பாதி ஏறும்படி சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் அது ஒன்றாகாது.

பிறகு ஜாயின்டை வாளிக் கடல்நீரில் முக்கி, 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) பார்க்க வேண்டும். அதற்கு முன் கருவியையும் மேலே லேபில் தகவலை வாங்குகிற பெட்டியான டெக் யூனிட்டையும் கழற்றிவிட்டாயா என்று இரண்டு தடவை பார். மறந்தால் லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி போய்விடும். மெக்கர் எடுத்ததும் கம்பியைத் தொடாதே. கிலோமீட்டர் கணக்கில் நீளம், கண்டென்ஸர் மாதிரி சார்ஜ் பிடித்து வைத்திருக்கும். முதல் பயணத்தில் எனக்கு அது தெரியாது. முழங்கை வரை உதறியது. விஞ்ஞானி அம்மா ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் டீ கொடுத்தார். கம்பியைக் கப்பலின் இரும்பு உடம்போடு ஷார்ட் செய்து, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, பிறகு தொடு.

வேலைக்குச் சேர்வது பற்றி அதிகம் இல்லை. ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமா, அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி, சி.டி.சி. புத்தகம் (கடல் வேலைக்கான மாலுமி அடையாளப் புத்தகம்), மருத்துவச் சான்று. நிறக்குருடு இருந்தால் கஷ்டம். கருவிப் பக்கம் போக ஆசையிருந்தால் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமான என்.ஐ.ஓ.டி. அறிவிப்புகளைப் பார். வேலை வாங்கித் தருவதாகப் பணம் கேட்கிற ஏஜென்டிடம் போகாதே. மாலுமியிடம் அப்படிக் காசு வாங்கவே கூடாது என்பதுதான் விதி. என் மச்சான் பையன் அப்படி ஒரு ஏஜென்டிடம் பணம் கொடுத்துவிட்டு இன்னும் போன் போட்டுக்கொண்டிருக்கிறான்.

முதல் மூன்று நாள் வாந்தி வரும். வெறும் வயிற்றில் இருக்காதே, காய்ந்த ரஸ்க் கடித்துக்கொண்டு டெக்கில் நில். பையில் இரண்டு பனியன் குறைந்தாலும் பரவாயில்லை, புது ரப்பர் டேப் நான்கு சுருள் நீயே கொண்டுபோ. ஸ்டோரில் இருப்பது நாள்பட்டு இறுகிப்போயிருக்கும்.