படுக்கையில் இருப்பவரை எழுப்பும்போது, திருப்பும்போது, நடத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீடு. பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துபோன பெரியவர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நான் உள்ளே நுழைந்தபோது இரண்டு மகன்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அப்பாவின் அக்குளில் கை கொடுத்து, "ம்... தூக்கு" என்று ஒரே மூச்சில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்துக்கொண்டார். பேச்சு குழறியதால் வலிக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. "ரொம்ப பாரமா இருக்காரு சிஸ்டர், கொஞ்சம்கூட ஒத்துழைக்க மாட்டேங்கிறாரு" என்றார் மூத்த மகன்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருவரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ராத்திரி பகலாக அப்பாவைப் பார்த்துக்கொண்டவர்கள். ஆனால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக நர்ஸாக இருக்கும் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். நோயாளி தானாகச் செய்யக்கூடிய பங்கு என்ன என்று கேட்காமலே எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். அவருக்கு அடிபடுவதும், நம் இடுப்பு பிடித்துக்கொள்வதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அக்குளைப் பிடித்துத் தூக்குவது

இதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். பக்கவாதம் வந்த பக்கத்தில் தோள்மூட்டைப் பிடித்து நிறுத்தும் தசைகள் தளர்ந்துவிடும். கையின் சொந்தக் கனமே எலும்பைக் கிண்ணத்திலிருந்து கீழே இழுக்கும். தோளின் மேல் விரலை வைத்துப் பார்த்தால் சிலருக்குப் பள்ளம்கூடத் தட்டுப்படும். அந்த நிலையில் அக்குளில் கை கொடுத்து உடம்பு முழுவதையும் தூக்கினால், கையைப் பிடித்து இழுத்தால், மூட்டு இன்னும் விலகும். அந்த வலி மாதக்கணக்கில் போகாது. தோள் வலித்தால் அவர் கைப்பயிற்சிக்கு வரமாட்டார். பயிற்சி இல்லாவிட்டால் திரும்பி வரக்கூடிய கைகூட வராமல் போகலாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் நானும் இதைச் செய்திருக்கிறேன். சட்டை மாட்ட ஓர் அம்மாவின் விழுந்த கையைப் பிடித்து இழுத்தேன். பக்கத்தில் இருந்த பிசியோதெரபிஸ்ட் என் கையை விலக்கிவிட்டு, மெதுவாகச் செய்து காட்டினார். மாட்டும்போது முடியாத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இன்றுவரை எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். உட்கார வைத்திருக்கும்போது அந்தக் கை தொங்கக் கூடாது, மடியில் தலையணை வைத்து அதன் மேல் வையுங்கள்.

சரி, தூக்காமல் எப்படி மாற்றுவது? அன்றைக்கு அந்தப் பெரியவருக்குச் செய்ததையே சொல்கிறேன். நாற்காலியை அவருடைய நல்ல பக்கமான இடது பக்கம், கட்டிலோடு ஒட்டிச் சற்றுச் சாய்வாகப் போட்டோம். அவரைக் கட்டில் விளிம்புவரை நகர்ந்து வரச் சொன்னேன். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். ஒரு பழைய வேட்டியைப் பட்டையாக மடித்து அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டினேன். எனக்குப் பிடி அதுதான். அவருக்கு எதிரே நின்று, என் முழங்காலை அவருடைய வலது முழங்காலுக்கு முட்டுக் கொடுத்தேன். "ஐயா, மூணு எண்ணுவேன். மூணு சொன்னதும் நல்லா முன்னால குனிஞ்சு எழுந்திருங்க. உங்க மூக்கு கால் விரலுக்கு நேரா வரணும்." ஒன்று, இரண்டு, மூன்று.

எழுந்துவிட்டார். இடது கால் அவரைத் தாங்கியது. இடது கையை நீட்டி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பி, தானே உட்கார்ந்தார். மகன்கள் இருவரும் பேச்சே இல்லாமல் நின்றார்கள். ஒத்துழைக்காதவர் இல்லை அவர். எப்போது, எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். முன்னால் குனியாமல் யாராலும் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாது. நீங்களே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தபடி எழுந்து பாருங்கள், தெரியும். அவரை அக்குளில் பிடித்து மேலே தூக்கியபோது அந்தக் குனிதலையே தடுத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்று, நோயாளியை உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்லாதீர்கள். அவர் கால் வழுக்கினால் மொத்தக் கனமும் உங்கள் கழுத்தில் விழும். நோயாளிகளைக் கைகளால் தூக்குவதற்கு, சாதகமான நிலையில்கூட, சுமார் 16 கிலோதான் வரம்பு என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கை வைத்துச் சொல்கிறார்கள். நம் கடையில் வாங்கும் அரிசிச் சிப்பம் 25 கிலோ. அப்பா 65 கிலோ. எழுந்து நிற்கவே முடியாதவரைத் தனியாளாக மாற்றப் பார்க்காதீர்கள், பக்கத்து வீட்டில் ஒரு குரல் கொடுங்கள்.

படுத்தவர் சட்டென்று எழுவது

வீட்டில் விழுகிறவர்களில் பலர் விழுவது ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போதுதான். படுத்திருந்தவர் திடீரென்று நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கும், அழுத்தம் குறையும், கண் இருட்டும். நின்ற 3 நிமிடத்துக்குள் பிபியின் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அதைக் கவனிக்க வேண்டிய பிரச்சினையாக டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பிபி மாத்திரை, நீர் பிரிகிற மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் இது அதிகம். வீட்டில் பிபி மெஷின் இருந்தால் படுக்கையில் ஒரு முறை, நின்ற பிறகு ஒரு முறை எடுத்து, இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒருக்களித்துப் படுக்க வைத்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி உட்காரட்டும். உட்கார்ந்தபடி ஓரிரு நிமிடம் பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும். "தலை சுத்துதா ஆயா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்த பிறகு நிற்கலாம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலைப்படி உயரம், பாத்ரூம் கொல்லைப் பக்கம். புது வீடுகளில் டைல்ஸ். டைல்ஸில் சாக்ஸ் போட்டு நடக்க விடுவது ஆபத்து. வார் தொய்ந்த செருப்பும், தரை வரை தொங்கும் கைலியும் அப்படித்தான். மிதியடியை எடுத்துவிடுங்கள். ராத்திரி ஒரு சின்ன பல்பு எரியட்டும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலி போட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும்.

நினைவு தடுமாறுகிறவர் இறங்கிவிடுவார் என்று கட்டிலைச் சுற்றி உயரமாகக் கம்பியோ நாற்காலியோ வைத்து அடைப்பதையும் பார்க்கிறேன். அவர் அதன் மேல் ஏறித்தான் இறங்கப் பார்ப்பார், விழுகிற உயரம் கூடும். கட்டிலைத் தாழ்வாக வைப்பதும், அவர் ஏன் எழப் பார்க்கிறார் என்று கவனிப்பதும் மேல். பெரும்பாலும் சிறுநீர் முட்டிக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் தாகமாக இருக்கும்.

வீல்சேரில் பிரேக் போடாமல் உட்கார வைப்பது, கால் பலகையை மடக்காமல் அதன் மேல் ஏறி நிற்க விடுவது, இரண்டுமே கவிழ்த்துவிடும். கைத்தடி முடியாத காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்க வேண்டும். பலர் வலிக்கிற பக்கமே பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது முடியாத கால் முதலில்.

விழுந்தவரை உடனே தூக்குவது

விழுந்த சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தூக்கி உட்கார வைக்கத்தான் கை போகும். வேண்டாம். அவரை அப்படியே இருக்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நினைவு இருக்கிறதா, எங்கே வலிக்கிறது, கை காலை அசைக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால், இடுப்பு வலி தாங்கவில்லை என்றால், இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். கழுத்திலோ முதுகிலோ வலி என்றால் துளிகூட நகர்த்தக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும், நன்றாகப் பேசினாலும், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

"நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்"

அன்பில் சொல்கிற வார்த்தைதான். ஆனால் டாக்டர் அசையக் கூடாது என்று சொல்லாதவரைப் படுக்கையிலேயே வைத்திருப்பது அவருடைய காலைப் பறிக்கும். நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்க வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பத்தே நாளில் காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயோடு படுத்தவருக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள். சாப்பாட்டுக்கு நாற்காலியில் உட்காரட்டும். முகத்தைத் தானே துடைத்துக்கொள்ளட்டும், பாதி நேரம் சிந்தினாலும் பரவாயில்லை. படுத்தபடி கஞ்சி ஊட்டினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். நிமிர்த்தி உட்கார வைத்து ஊட்டி, அதற்குப் பிறகு அரை மணி நேரமாவது அப்படியே வையுங்கள். மூக்கு டியூபில் ஊற்றினாலும் இதேதான்.

அசையாமல் கிடக்கிற காலில் ரத்தம் உறையலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியாக இருந்தால் தைலம் போட்டு நீவிவிடக் கூடாது. உறைந்த கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

பயிற்சி சொல்லித்தர ஆள் இல்லை என்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். முள்ளோடைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரியில் இருப்பவர்கள் கோரிமேடு ஜிப்மரில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் கேட்கலாம்.

சிறுநீர் டியூபில் மாட்டியிருக்கும் பை பற்றி ஒரே விஷயம். நோயாளியை மாற்றும்போது பையை அவர் வயிற்றின் மேல் வைக்கிறார்கள். பையில் இருப்பது திரும்ப உள்ளே போய்த் தொற்று வரும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையைத் தொடாமல். நகர்த்துவதற்கு முன் காலி செய்துவிடுங்கள்.

ஏர் பெட் வாங்கியாச்சே!

படுக்கைப்புண்ணை விடக் கொடுமையான ஒன்றை என் வேலையில் நான் அதிகம் பார்த்ததில்லை. கைப்பிடி அளவு பள்ளம், உள்ளே எலும்பு தெரியும். கரண்டில் காற்றடிக்கும் ஏர் பெட் போட்டுவிட்டோம், இனிமேல் திருப்ப வேண்டாம் என்று நினைத்த வீடுகளிலும் பார்த்திருக்கிறேன். ஏர் பெட் உதவும், ஆனால் திருப்புகிற வேலையை அது செய்யாது. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை: வலம், மல்லாந்து, இடம். முழுக்க ஒருக்களிக்காமல் முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக் கொடுத்துச் சாய்வாக வைத்தால் இடுப்பு எலும்பில் கனம் விழாது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள்.

மேலே நகர்த்தும்போது கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தால் தோல் உரியும். இடுப்புக்கு அடியில் மடித்த வேட்டி ஒன்றை நிரந்தரமாக விரித்து வையுங்கள். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு முனை பிடித்து, லேசாக உயர்த்தி நகர்த்தலாம்.

முதுகில் சிவப்பாக இருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் தப்பித்தீர்கள். வெளுக்காவிட்டால் உள்ளே புண் தொடங்கிவிட்டது, அந்த இடம் இனிமேல் படுக்கையில் படக் கூடாது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையத்திலும் உட்கார வைக்காதீர்கள், இரண்டும் ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். கடலோரப் புழுக்கத்தில் ரப்பர் ஷீட் நேராக முதுகில் பட்டால் வேர்வையில் தோல் ஊறிப்போகும். மேலே ஒரு பருத்தித் துணி கட்டாயம் வேண்டும்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. கரண்ட் போனது போனதுதான். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியின் ஏர் பெட் புயலடித்த அன்று காலையிலேயே காற்று இறங்கிப் பலகைபோல ஆகியிருந்தது. விழுந்த மரங்களை அறுத்து வழிவிட்ட பிறகுதான் என்னால் அந்த வீட்டுக்குப் போக முடிந்தது. ஏர் பெட்டைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, இலவம்பஞ்சு மெத்தையில் பாட்டியைப் படுக்க வைத்திருந்தார் மருமகள். சுவரில் தொங்கிய நாள்காட்டியின் தாளில் பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தார்: 2 வலது, 4 மல்லா, 6 இடது, 8 வலது. ராத்திரி நேரத்துக்கு எதிரே பேரன் பெயரின் முதல் எழுத்து இருந்தது, அவன் முறை அது. பாட்டியைத் திருப்பி, டார்ச் அடித்து முதுகு, இடுப்பு, குதிகால் எல்லாம் பார்த்தேன். எங்கேயும் ஒரு சிவப்புத் திட்டுகூட இல்லை.