ஆர்.சி. அப்பா பெயரில், பாலிசி என் பெயரில்: எங்கே சிக்கும்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவில் டி.என். 23, டி.என். 70 என்று வேலூர், ஓசூர் வண்டிகள் நிறைய நிற்கும். பாதி அப்பாவுடையவை, சில மாமனாருடையவை. ஒன்றிரண்டு, நண்பன் வெளிநாடு போகும்போது "நீயே வெச்சுக்கோடா" என்று விட்டுவிட்டுப் போனவை. ஓட்டுவது, சர்வீஸ் விடுவது, பிரீமியம் கட்டுவது எல்லாம் இங்கே இருப்பவர்தான். ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, மட்டும் இன்னொருவர் பெயரில்.

அதிலேயே தப்பு ஒன்றும் இல்லை. உரிமையாளர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் யார் ஓட்டினாலும் சாதாரண கார் பாலிசி பொருந்தும். அப்பா காரை மகன் ஓட்டி இடித்தான் என்பதற்காக மட்டும் கிளைமை, அதாவது இழப்பீட்டுக் கோரிக்கையை, மறுக்க முடியாது. சிக்கல் தொடங்குவது புதுப்பிக்கும் நாளில்.

"பணம் நான்தானே கட்டுகிறேன்" என்று பாலிசியில் தன் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். ஆன்லைனில் பணம் போனதும் பாலிசி மெயிலுக்கு வந்துவிடும், யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்பது கிளைம் போடும்போது. 2022 செப்டம்பர் மழையில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் கார்கள் மூழ்கினவே, அதில் ஒன்று என் நண்பர் ஓட்டிக்கொண்டிருந்த அவர் மாமனார் கார். இன்ஷூரன்ஸ் கம்பெனி சார்பில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்தார், படம் எடுத்தார், ஆர்.சி.யையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அங்கேயே நின்றுவிட்டது. வண்டி உங்களுடையதாக இல்லாதபோது நஷ்டம் எப்படி உங்களுடையதாகும் என்பது கம்பெனியின் கேள்வி. நியாயமான கேள்விதான். மாமனாருக்கோ பாலிசியே இல்லை.

ஆகவே ஆர்.சி.யில் யார் பெயரோ, பாலிசியிலும் எழுத்து மாறாமல் அதே பெயர். பிரீமியத்தை நீங்கள் கட்டலாம், தொடர்புக்கு உங்கள் போன் நம்பரைக் கொடுக்கலாம். ஆனால் கிளைம் பணம் கைக்கு வரும் நிலை வந்தால் அது அப்பாவின் கணக்குக்குத்தான் போகும். ஏற்கெனவே தப்பாகப் போட்டிருந்தால் இன்றைக்கே கம்பெனியிடம் எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில் திருத்தம், கேளுங்கள். இடித்த பிறகு கேட்டால் கேட்கிற தோரணையே வேறாகிவிடும்.

கவனிக்காமல் விடும் இன்னொன்று, பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு. அது ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டும்போதோ, அந்த வண்டியில் போகும்போதோ அவருக்கு மட்டும்; அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால். வண்டியை நாள்தோறும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஓட்டிப்போகும் மகனுக்கு அதில் ஒரு பைசா கிடையாது. அவர் தனக்குத் தனியாக ஒரு விபத்து பாலிசி எடுத்துக்கொள்வதுதான் வழி. லைசென்ஸே இல்லாத அம்மா பெயரில் கார் இருந்தால் இந்தக் காப்புக்குப் பணம் கட்டுவது வீண். அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொல்லலாம்.

காரை விலைக்கே வாங்கிவிட்டவர்கள் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவுப்படி, கை மாறிய 14 நாளுக்குள் பாலிசியை மாற்றக் கேட்க வேண்டும். "இன்ஷூரன்ஸ் தானாக மாறிவிடும்" என்று புரோக்கர் சொல்வது பாதி உண்மை. தானாக மாறுவது மூன்றாம் நபருக்கான காப்பு, அதாவது உங்கள் வண்டியால் பிறருக்கு ஆகும் பாதிப்புக்கானது. உங்கள் காருக்கு ஆகும் சேதம் அதில் சேராது. உச்ச நீதிமன்றம் 1996-லேயே இதைச் சொல்லிவிட்டது. விற்றவரின் நோ கிளைம் போனஸும், அதாவது கிளைம் போடாமல் இருந்ததற்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியும், காரோடு வராது. 50 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது என்று காட்டி விலையை ஏற்றினால் நம்பாதீர்கள், அது அவருடைய தள்ளுபடி. உங்கள் பெயருக்கு மாற்றும்போது அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டிவரும்.

உரிமையாளர் இறந்துவிட்டால், பாலிசி அன்றே செத்துவிடாது. மூன்று மாதம் வரை, அல்லது முடியும் தேதி வரை, எது முன்போ அதுவரை நிற்கும். ஆர்.டி.ஓ.வுக்கு 30 நாளில் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்றும் படிவம் 31-ஐக் கொடுத்துவிடுங்கள். இந்த ஒரு நிலையில் மட்டும் போனஸ் மனைவிக்கோ கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ, பெற்றோருக்கோ வரும்.

இத்தனைக்கும் பெங்களூருவில் பலர் பெயர் மாற்றாமலே ஓட்டுவதற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. ஊர் ஆர்.டி.ஓ.வில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே கர்நாடக ஆயுள் வரி கட்ட வேண்டும். தொகையைக் கேட்டால் தலை சுற்றும். ஆனால் வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்றுதான் சட்டம். தள்ளிப்போடலாம், தப்பிக்க முடியாது.

வெளிநாடு போன நண்பனுக்கும் இதைச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டேன், இனி எனக்கென்ன என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அடுத்த லீவில் வரும்போது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29-லும் 30-லும் அவன் கையெழுத்தை வாங்கிவிடுங்கள், பிரியாணி அப்புறம்.