பனி போனாலும் உப்பு போகாது: சாலை உப்பில் நாம் செய்யும் தவறுகள்

குளிர் நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். "பனி உருகி ஓடிவிட்டது, உப்பும் அதோடு போய்விட்டது" என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவை. உப்பு தண்ணீரில் கரையும், அழியாது. அதிலுள்ள குளோரைடை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதில்லை, அது ஆவியாவதும் இல்லை. ஒரு பகுதி உடனே ஓடையில் கலக்கிறது. மிச்சம் நிலத்தடி நீரில் இறங்கி மெல்ல ஊறி வருகிறது. ஜனவரியில் கொட்டியது, ஓடை மெலிந்து ஊற்றுநீரை மட்டுமே நம்பி ஓடும் ஆகஸ்டில் தலைகாட்டும். ஆகவே குளிர்காலத்தில் மட்டும் நீரைச் சோதித்துவிட்டு நிம்மதி அடைய முடியாது.

நன்னீர் உயிர்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் நீண்டகால வரம்பு, லிட்டருக்கு 230 மில்லிகிராம் குளோரைடு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரே ஒரு கிலோ உப்பு, சுமார் 2,600 லிட்டர் நல்ல தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

நியூயார்க் மாநிலத்தின் அடிரொண்டாக் மலையில் லேக் பிளாசிட் என்று ஒரு ஊர். 1932, 1980 குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். ஊர் நடுவே மிரர் ஏரி. வசந்தம் வந்தால் ஏரி நீர் மேலும் கீழுமாகப் புரண்டு, பிராணவாயுவை அடிவரை கொண்டுபோக வேண்டும். சாலையிலிருந்து வந்த உப்புநீர் கனமாக அடியில் தங்கியதால், இந்தக் கலப்பே தடைபட்டது. அடியாழக் குளிரை நம்பி வாழும் டிரௌட் மீன்களுக்கு இது மூச்சுமுட்டல்தான்.

சரி, உப்புக்குப் பதில் மணல் போடலாமே? அமெரிக்காவின் கொலராடோவில் வெய்ல் (Vail) கணவாய் வழியே போகும் ஐ-70 நெடுஞ்சாலையில் அப்படிக் கொட்டிய மணல் பிளாக் கோர் ஓடையில் இறங்கியது. கூழாங்கற்களின் இடுக்கில்தான் பூச்சிப்புழுக்களும் மீன்முட்டைகளும் இருக்கும். மணல் அந்த இடுக்கை அடைத்துவிடுகிறது. மெக்னீசியம் குளோரைடு என்ற இன்னொரு வகை உப்பு கூடுதல் குளிரிலும் வேலை செய்யும், ஆனால் அதுவும் குளோரைடுதானே. "இயற்கையானது" என்று விற்கும் பீட்ரூட் சாற்றுக் கலவையை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஓடையில் அது மட்கும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத்தான் தின்கிறது. குளோரைடு இல்லாத அசிடேட் வகைப் பனியுருக்கிகளும் அப்படியே.

வீட்டு வாசலில் நடக்கும் தவறு வேறு மாதிரி: பனியை வாராமலே அதன் மேல் உப்பை அள்ளி வீசுவது. முதலில் மண்வெட்டி, அப்புறம்தான் உப்பு. தரையின் வெப்பநிலை மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் சாதாரண உப்பு பெரிதாக உதவாது. "வேலை செய்யவில்லையே" என்று இன்னொரு பையைப் பிரிப்பது வீண். 20 அடி நீள வாகனப் பாதைக்கு ஒரு காபிக் குவளை உப்பு போதும். நெருக்கிக் கொட்ட வேண்டாம், இடைவெளி விட்டுத் தூவுங்கள். தரை காய்ந்தபின் செருப்புக்கடியில் நறநறவென்று மிதிபட்டால், அது அதிகமாகப் போட்டதற்கு அடையாளம். துடைப்பத்தால் கூட்டி டப்பாவில் எடுத்து வைத்தால் அடுத்த பனிக்கு ஆகும்.