பனிமலை ஓட்டலில் முதலில் வாசலைப் பாருங்கள்

தக்கலையில் மரக்கடை வைத்திருக்கிறவனுக்கும் ஜப்பான் பனிச்சறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்றால், மகள்தான். மருமகனுக்கு டோக்கியோவில் வேலை. இரண்டு குளிர்காலம் அங்கே போனோம். இரண்டு தடவையும் பனிமலையில் தங்க ஓட்டல் தேடும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "மாமா, உங்களுக்குத்தான் அழகு பார்க்கத் தெரியும்" என்றார் மருமகன். அந்த அழகை நம்பித்தான் முதல் தடவை ஏமாந்தேன்.

அந்த ஓட்டலின் பெயர் வேண்டாம். படத்தில் ராஜா மாதிரி இருந்தது. கறுப்புக் கல் தரை, கூரையிலிருந்து தரைவரை கண்ணாடி, அதற்கு அப்பால் வெள்ளை மலை. போய் இறங்கினால், ஈரப் பூட்ஸைக் கழற்றி வைக்க ஒரு இடம் கிடையாது. அறை முழுக்கக் கம்பளம். சறுக்கிவிட்டு வந்த முதல் நாள் சாயங்காலம் ஐந்து பேருடைய கோட்டு, கையுறை, காலுறை எல்லாவற்றையும் விளக்குத் தண்டிலும் நாற்காலி முதுகிலும் தொங்கவிட்டோம். காலையில் தொட்டுப் பார்த்தால் அப்படியே ஈரம். அதை மாட்டிக்கொண்டு மைனஸ் பத்து டிகிரியில், மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் வரிசையில் நின்றோம். "இஞ்ச பாருங்க, இதுக்கு நம்ம வீட்டு விறகுப்புரை எவ்வளவோ மேல்" என்றாள் வீட்டுக்காரி. பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் இப்போது நான் முதலில் பார்ப்பது வாசல். அங்கே அதற்கு கென்கான் என்று பெயர். செருப்பு கழற்றத் தாழ்வாக ஒரு தரை, அதிலிருந்து ஒரு படி ஏறினால் மரத்தரை. நம்முடைய பழைய ஓட்டு வீடுகளில் திண்ணையும் நடையும் செய்த வேலைதான், வெளிச்சேறு வெளியோடு நின்றுவிடும். ஓட்டலின் இணையப் பக்கத்தில் வரவேற்பறைப் படம் இருபது இருந்தாலும், செருப்பு கழற்றும் இடத்தின் படம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். பூட்ஸ் தட்டு, ஸ்கீ சாய்த்து வைக்கும் சட்டம், பக்கத்திலேயே சூடான காற்று ஓடும் உலர்த்தும் அறை, இந்த மூன்றும் வேண்டும். உலர்த்தும் அறைக்கு ஜப்பானிய மொழியில் கான்சோஷிட்சு. அது உண்டா, ராத்திரி முழுக்க ஓடுமா என்று ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும். பதில் வருகிற விதத்திலேயே அந்த இடத்தின் லட்சணம் பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது மரம். இது என் தொழில், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன். ஜப்பானிய பாணி என்று விளம்பரம் செய்கிற இடங்கள் பலவற்றில் பலகைக்கு மேல் மரக்கோடு அச்சடித்த தாளை ஒட்டியிருப்பார்கள். படத்தைப் பெரிதாக்கி மூலையைப் பாருங்கள். ஒரே கணு, ஒரே வளைவு இரண்டு பலகையில் திரும்ப வந்தால் அது அச்சு. நிஜ மரத்தில் ஒரு கணு மாதிரி இன்னொன்று இருக்காது. சுவருக்கும் கூரைக்கும் சுகி என்கிற மரம், குளியல் தொட்டிக்கு ஹினோகி. ஹினோகி வெந்நீரில் நனைந்தால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி ஒரு வாசம் வரும். நம் அயனிக்கும் தேக்கிற்கும் அந்த வாசம் கிடையாது. பழைய ரியோகான் விடுதி ஒன்றில் கை பட்டுப் பட்டுக் கறுத்த தூணைப் பார்த்தபோது எனக்குப் பத்மநாபபுரம் அரண்மனைதான் ஞாபகம் வந்தது. அதே அரைவெளிச்சம்.

ஆனால் பழைய மரக்கட்டிடத்தை எடுப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து எடுக்க வேண்டும். அறை மட்டும்தான் சூடாக இருக்கும், நடைபாதை ஐஸ் பெட்டி. சில இடங்களில் கழிப்பறை அந்த நடைபாதையின் கோடியில் இருக்கும். படுக்கை தரையில் விரிக்கிற ஃபுட்டோன்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் கட்டில் போட்ட அறை கேட்டு வாங்குங்கள், பல விடுதிகளில் பாயறைக்குள்ளேயே கட்டிலும் போட்டிருக்கிறார்கள். எட்டுப் பாய் அறை என்று எழுதியிருந்தால் ஏறக்குறைய 13 சதுர மீட்டர். ஒரு தத்தாமிப் பாய் சுமார் ஆறடிக்கு மூன்றடி, அந்தக் கணக்கு.

ஊர் எது என்பதற்கு எங்கள் ஆரல்வாய்மொழியை நினைத்துக்கொண்டால் போதும். மேற்கே விளவங்கோட்டில் மழை கொட்டும், கணவாய்ப் பக்கம் வந்தால் காற்றாடி மட்டும் சுற்றும். ஜப்பானிலும் மலைதான் பிரிக்கிறது. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலில் ஈரத்தை அள்ளிக்கொண்டு மலையில் மோதி, அந்தப் பக்கம் பனியாகக் கொட்டுகிறது. டோக்கியோ பக்கம் வெறும் நீலவானம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற யுசாவாவுக்குப் போகும் ஷின்கான்சென் அதிவேக ரயில் 22 கிலோமீட்டர் நீளமுள்ள டாய்ஷிமிசு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் உலகமே வெள்ளை. ஒரே நாளில் பார்த்துத் திரும்ப நினைப்பவர்களுக்கு அங்கே காலா யுசாவா என்கிற பனிச்சறுக்கு இடம் உண்டு, ரயில் நிலையத்திலிருந்தே மலைக்கு ஏறிவிடலாம். தங்குவதற்கு எனக்கு அது சுகப்படவில்லை.

ஆங்கிலத்தில் சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், நவீனமான ஓட்டல் வேண்டும் என்றால் ஹொக்கைடோவில் நிசெகோ, அல்லது 1998 குளிர்கால ஒலிம்பிக் நடந்த நாகானோ மாநிலத்தில் ஹகுபா. நிசெகோவில் கூட்டமான நாட்களில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாரக்கணக்கில் முன்பே மேசை பதிய வேண்டும். நாங்கள் ஒருநாள் இடம் கிடைக்காமல் சேய்கோமார்ட் கடையில் சோற்று உருண்டை வாங்கித் தின்றோம், அதுவும் நன்றாகத்தான் இருந்தது. காசு ஒரு பிரச்சினையே இல்லாதவர்களுக்கு அங்கே காட்டுக்குள் சபோரின் என்று பதினைந்தே வில்லாக்கள் கொண்ட விடுதி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு வெந்நீர் ஊற்றுத் தொட்டி. கட்டிடக்கலைப் பைத்தியம் பிடித்தவர்கள் அதே ஹொக்கைடோவில் தொமாமு போகலாம், கட்டிடக்கலைஞர் தடாவோ அண்டோ 1988-இல் கட்டிய தண்ணீர் தேவாலயம் அங்கேதான்.

இரண்டாம் தடவை நான் எடுத்தது நொசாவா ஒன்சென். ஒன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. டோக்கியோவிலிருந்து ஈயாமா வரை ஷின்கான்சென், அப்புறம் இருபத்தைந்து நிமிடம் பஸ். சின்னக் கிராமம், ஏற்ற இறக்கமான தெருக்கள், பதின்மூன்று பொதுக் குளியல்கூடங்கள். ஓகாமா என்கிற ஊற்றில் தண்ணீர் கிட்டத்தட்ட 90 டிகிரி, ஊர்க்காரர்கள் அதில் கீரை அவிக்கிறார்கள். ஜனவரி 15 அங்கே தீத்திருவிழா, அந்த வாரம் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஊற்றில் கந்தகம் உண்டு. முதல் குளியலிலேயே வீட்டுக்காரியின் வெள்ளி மெட்டி கறுத்துவிட்டது. கொலுசு, மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குங்கள்.

குளியலில் நம்மவர்களுக்குத் தயக்கம் இருக்கும். பொதுக்குளியலில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இடம்தான், ஆனால் துணி கூடாது. பச்சை குத்தியவர்களை விடாத இடங்களும் உண்டு. அதற்குத்தான் கஷிகிரி, அதாவது ஒரு குடும்பம் மட்டும் முக்கால் மணி நேரம் போலத் தாழிட்டுக்கொள்ளும் குளியல். இது இருக்கிறதா என்று பதியும்போதே கேளுங்கள். எங்களுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு முறை கிடைத்தது. கழுத்துவரை வெந்நீர், தலையில் பனி விழுந்துகொண்டிருக்கிறது, தொட்டியின் விளிம்பில் கை வைத்தால் ஹினோகி வாசம். கதவைத் தட்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் பேசவே இல்லை.

சாப்பாட்டில்தான் பெரிய பொறி. மருமகனின் அம்மா சுத்த சைவம். மீன் வேண்டாம் என்று சொன்னால் துண்டு மீனை எடுத்துவிடுவார்கள், சாறு போகாது. நம் கடலில் பிடிக்கிற சூரை இருக்கிறதே, அதை அவித்துப் புகையில் காயவைத்தால் மாசிக் கருவாடு. அவர்கள் அதே மாதிரி இன்னும் கெட்டியாக, கட்டை போல ஆக்கி கட்சுவோபுஷி என்கிறார்கள். விடுதிச் சமையல்காரர் அதைச் சீவுவதைப் பார்த்து அசந்துபோனேன். இழைப்புளியை மல்லாத்திப் பெட்டிமேல் பொருத்தியிருக்கிறது, கட்டையை அதன்மேல் தேய்க்கிறார், எங்கள் பட்டறையில் விழுகிற மாதிரியே சுருள் சுருளாகச் சீவல் விழுகிறது! அந்தச் சீவல் போட்ட சாறுதான் சூப்பிலும், வேகவைத்த முள்ளங்கியிலும், முட்டையிலும். ஆகவே "மீன் சாறும் கூடாது, கொம்பு என்கிற கடல்பாசியின் சாறு போதும்" என்று எழுத்தில், வருவதற்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம்.

விலையில் நான் செய்த முட்டாள்தனம்: ஜப்பானிய விடுதிகள் பல ஆளுக்கு இவ்வளவு என்றுதான் போடுகின்றன. அறைக்கு என்று நினைத்துக் கணக்குப் போட்டு, ஐந்து மடங்கு பார்த்ததும் தலை சுற்றியது. இப்பாகு நிஷோகு என்றால் ஒரு ராத்திரியும் இரண்டு வேளைச் சாப்பாடும், சுடோமரி என்றால் படுக்கை மட்டும். ஒன்சென் வரி தனி, பல ஊர்களில் ஆளுக்கு 150 யென். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையும் சீனப் புத்தாண்டிலும் விலை கையைச் சுடும். மார்ச் முதல் வாரம் போனால் பனியும் இருக்கும், பணமும் மிஞ்சும்.

லிஃப்டுக்கு ஐந்து நிமிட நடை என்று போட்டிருந்தால் மூன்றால் பெருக்குங்கள், ஸ்கீ பூட்ஸோடு நடப்பது கால்கட்டோடு நடப்பதுதான். கோட்டு முதல் ஸ்கீ வரை வாடகைக்குக் கிடைக்கும், இங்கிருந்து வாங்கிச் சுமக்காதீர்கள். பெட்டிகளையும் நீங்கள் தூக்க வேண்டாம், டோக்கியோவில் தக்யூபின் கூரியரில் கொடுத்தால் மறுநாள் விடுதி வாசலில் இருக்கும். நாங்கள் எல்லாவற்றையும் அனுப்பினோம். சம்பந்தியம்மா மட்டும் நாரத்தங்காய் ஊறுகாய் டப்பாவைக் கொடுக்க மாட்டேன் என்று ஈயாமா வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.